ரெமிஜியஸ், மற்றவர்களோடு

கிதார்க்காரர் ரெமிஜியஸ் கொம்பன்விளைக்கு முதல் தடவை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸில்; முதல் தடவை வந்தவர் இன்னும் திரும்பிப் போகாமலிருக்கும்போதே மத்தியானப் பஸ்ஸில் இரண்டாவது தடவையும் வந்தார்; சாயங்காலப் பஸ்ஸிலிருந்து மூன்றாவது தடவையாக அவர் இறங்கினபோது, ஏற்கெனவே வந்திருந்த இரண்டு ரெமிஜியஸும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு உளுந்தவடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள், மூன்றாமவரைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். டீ மாஸ்டர் இன்னொரு வடையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"சார்வாள் எல்லாரும் ஒரே வீட்டு விசேஷத்துக்கா?"

மூன்று பேரும் சட்டைப்பையிலிருந்து ஒரே மாதிரி கார்டை எடுத்து நீட்டினார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு.

"அட, நம்ம ஜெபராணி வீட்டு ஆளுவளா. வேதக்கோயில் சிலுவையைத் தாண்டிப் போங்க, எல் போர்டு மாட்டுன வெள்ளைக் காரு நிக்கும். சத்தம் கேக்கும். அந்தச் சத்தந்தான் வீடு."

ஜெபராணி கொம்பன்விளையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியில் இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்சும் உண்டு. கால் இரண்டும் அங்கே, கை ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தயாராக இங்கே, வாய் மட்டும் ஊர் முழுவதும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை கத்துவதுதான் தொழில். அண்ணன் துபாயில், அண்ணன் மனைவி செல்வகனி மதினி வீட்டில், அவள் காரில், காருக்குள் ரெமிஜியஸ் என்று நாள் ஓடியது.

ரெமிஜியஸ் என்றால் மேடையில் ஜொலிக்கிற ரெமிஜியஸ் இல்லை. 'உப்புக்காத்து' என்று அவர் ஒரு குழு வைத்திருந்தார், நாட்டுப்பாட்டை எடுத்து எலக்ட்ரிக் கிதாரில் புரட்டிப் போடுகிற குழு, நாடே அதைக் கேட்டுத் தலையாட்டியது. ஜெபராணிக்கு அது பிடிக்கும், ஆனால் உயிர் இல்லை. அவளுக்கு உயிராக இருந்தது, யாரோ கூப்பிட்டார்கள் என்று அவர் போய் ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொடுத்த பாட்டுகள்: ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் நாதஸ்வரக்காரரோடு வாசித்தது, கன்னியாஸ்திரிகளின் பாடகர் குழுவோடு வாசித்தது, ஒரு வில்லுப்பாட்டில் பின்பாட்டு ஆளாக உட்கார்ந்தது, வார்டு தேர்தலில் டெபாசிட் போன ஒருவருக்காகப் பிரச்சார வேனில் வாசித்தது, பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு ஆட்டுக்குட்டிப் பாட்டு, கடைசியாக, உப்பளத்துப் பெண்கள் உப்பு வாரிக்கொண்டே பாடியதை யாரோ போனில் பிடித்தது. இந்தக் கடைசிப் பாட்டில் கிதார் பெரும்பாலும் சும்மா இருக்கும். பெண்கள் ஒரு அடி பாடி, மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, கிதார் என்று ஒன்று இருப்பதையே எல்லோரும் மறந்த பிறகு, ஒரே ஒரு கம்பி 'டொய்ங்' என்று சொல்லும். அந்த டொய்ங்குக்காக ஜெபராணி வளைவுகளில் காரை நிறுத்தியிருக்கிறாள்.

யூடியூபின் அடிமண்ணைக் கிளறியும், சவுண்டு சர்வீஸ்காரர்களின் மெமரி கார்டுகளைக் கெஞ்சி வாங்கியும் ஆறு பாட்டையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் ஏற்றி, 'ரெமிஜியஸ், மற்றவர்களோடு' என்று பெயரும் வைத்தாள். பெயர் வைத்தபின் அட்டை இல்லாமல் இருக்கலாமா? ஊரில் இருந்தது ஒரே அச்சகம், சொர்ணலிங்கம் அண்ணாச்சியுடையது. அங்கே அடிப்பது ஒரே சாமான், கல்யாணக் கார்டு.

"அண்ணாச்சி, இது கல்யாணம் இல்ல. பாட்டு."

"பாட்டுன்னா கச்சேரிதான? கச்சேரின்னா விசேஷந்தான? விசேஷம்னா கார்டுதான?" என்றார் சொர்ணலிங்கம். "நீ பேரை மட்டும் சொல்லு. 'வருகை தந்து சிறப்பிப்போர்'னு ஒரு இடம் சும்மாக் கெடக்கு, அங்கன போட்டிருதேன்."

அப்படியே போட்டார். திரு. ரெமிஜியஸ் (நாதஸ்வரத்தோடு), திரு. ரெமிஜியஸ் (சிஸ்டர்களோடு), திரு. ரெமிஜியஸ் (வில்லோடு) என்று தொடங்கி, திரு. ரெமிஜியஸ் (உப்பளத்தோடு) என்பது வரை. அதற்குக் கீழே, 'சுற்றமும் நட்பும் சூழ வருக வருக'. அதற்கும் கீழே, 'தங்கள் நல்வரவை விரும்பும் ஜெபராணி'. அவள் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பென் டிரைவ் டப்பாவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். மிச்சக் கார்டுகளுக்கு அண்ணாச்சி மஞ்சள் தடவி, பேர் போட்டவர்களுக்கு ஆளுக்கொன்று தபாலில் சேர்த்தார். அவர் அச்சகத்தில் அது காலங்காலமாக நடக்கிற சேவை.

"பேர் போட்டுக் கூப்பிட்டா வராம என்ன செய்வாவ?" என்றாள் மதினி, புதன்கிழமை இன்னும் இரண்டு பேர் வந்திறங்கியபின் வாசலில் வரிசையாக நின்ற கிதார்களை எண்ணிக்கொண்டே அரிசியை அதற்குத் தகுந்தாற்போல் அளந்தபடி. "கார்டுல ஒரு பேரு விட்டுப் போச்சுன்னா சாகுற வரைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற சனங்க நாம. போட்ட பேருக்கு வரலன்னா அது அவியளுக்கு மரியாதையா?"

ஊரில் இதைப் பற்றிச் சண்டை ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும் நூலகத்து வாசலில் நின்று விளக்கம் சொன்னார்: "இதில் வியப்புறுதற்கு யாதொன்றும் இல்லை. ஒருவரே பல இடங்களில் பல பணி ஆற்றுதல் அரசு ஊழியத்தில் 'கூடுதல் பொறுப்பு' என வழங்கப்படும். அவ்வாறான கூடுதல் பொறுப்புகள் யாவும் ஒரே வாரத்தில் பணியில் சேர்ந்துள்ளன. அவ்வளவே."

ரேஷன் கடைக்காரர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார், ஒரே பேர், ஒரே மூஞ்சி, ஆறு கார்டா என்று. அதற்கும் தலைமையாசிரியர்தான் வழி சொன்னார்: இனிஷியல். நா. ரெமிஜியஸ், சி. ரெமிஜியஸ், வி. ரெமிஜியஸ், தே. ரெமிஜியஸ், பா. ரெமிஜியஸ், உ. ரெமிஜியஸ். ரேஷன் கடைக்காரருக்கு அதன்பிறகு ஒரு குழப்பமும் இல்லை. அப்பா பேர் வேறு என்றால் ஆள் வேறுதானே.

நாதஸ்வர ரெமி குளிக்காமல் பச்சைத்தண்ணி குடிக்கவில்லை, நெற்றி நிறையச் சந்தனம் வைத்துக்கொண்டு அம்மன் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டார், யார் எதிரில் வந்தாலும் துண்டை இடுப்பில் கட்டினார். சிஸ்டர்களின் ரெமி கான்வென்டில் தங்கி, மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடிக்காத நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மாமரத்தடியில் நின்றார். "பிள்ளைகளா, யாரு எந்த ரெமின்னு கேக்கக் கூடாது," என்று மதர் கண்டித்தார், "பசிக்குதான்னு மட்டும் கேக்கணும்." பாலர் ரெமி நேராக அங்கன்வாடிக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், சத்துமாவு உருண்டையில் தனக்குச் சின்னது வந்ததென்று ஒரு தடவை அழுதார், அதன்பிறகு ஆயா பெரியதாகவே பிடித்தாள்.

டீக்கடை பெஞ்சிலேயே தங்கிவிட்ட வில்லு ரெமிக்குத்தான் கிராக்கி. வில்லுப்பாட்டில் முன்னே இருப்பவர் எதைச் சொன்னாலும் பின்னே இருப்பவர் 'ஆமா' போட வேண்டும், அவர் அதற்காகவே பிறந்தவர்.

"எம் புருஷன் சரியில்ல," என்றாள் ஒருத்தி.

"ஆமா!"

"சரியில்லன்னா, சும்மாச் சரியில்ல இல்ல."

"ஆமா, அப்புறம்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் 'அப்புறம்' என்று கேட்டதில்லை. மறுநாள் டீக்கடை வாசலில் பெண்கள் வரிசை. அதற்கு மறுநாள் அவர்களின் புருஷன்மார் வரிசை, "எம் பொண்டாட்டி சரியில்ல." "ஆமா!" ஊரில் சண்டைகள் எல்லாம் இரண்டு தரப்பும் ஜெயித்துத் தீர்ந்தன.

தேர்தல் ரெமி கையைக் கூப்பியபடியே இறங்கினார், கூப்பிய கையைச் சோறு தின்னத்தான் பிரித்தார். வாய்க்காலைத் தூர்வாருவேன் என்றார். வாக்குக் கொடுத்தால் செய்யவேண்டியதில்லை என்று பாட்டில் எங்கேயும் வராதபடியால் மறுநாளே மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரினார். பஞ்சாயத்துத் தலைவருக்குத் தூக்கம் போயிற்று. "இப்படியே போனா அடுத்த வாட்டி நான் என்னத்தச் சொல்லி ஓட்டுக் கேக்க?"

ஆறாமவர் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தார், பஸ்ஸை விட்டுவிட்டாராம். செருப்பில்லை. குதிகால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"காப்பியா, டீயா?" என்று மதினி கேட்டாள்.

பதில் இல்லை. அன்றைக்கு வீட்டிலிருந்த எல்லோரும் காப்பி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, மதினி வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த பிறகு, "டீ" என்றார்.

உப்பு ரெமிக்குக் கார் ஷெட்டில் கட்டில் போட்டுக்கொடுத்தார்கள். பகலில் அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார், மடியில் கிதார். ஜெபராணி காலையில் "தூங்குனியளா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுப்பாள், மத்தியானம், ஆர்ச் பக்கம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது, "தூங்கினேன்" என்று பின்னாலிருந்து பதில் வரும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடத்தை யாரும் இதுவரை அவளுக்குக் கொடுத்ததில்லை. அவள் அந்த இடத்தில் உலாவ ஆரம்பித்தாள். வெயிலைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கத்துவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் கத்தி முடித்தாலும் ஓட்டுகிறவர்கள் அவசரப்படாமல் பின்சீட்டு டொய்ங்குக்காகக் காத்திருந்து, அது வந்ததும் கிளட்சை விட்டார்கள், வண்டி வெண்ணெய் போல நகர்ந்தது.

ஒரு திங்கட்கிழமை, மழைக்காகப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டுவிட்டாள்.

"இங்கயே எங்கூட இருந்திருதியளா?"

வைப்பர் போயிற்று, வந்தது. பதில் இல்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. அவசரம் எல்லாம் மதினிக்கு.

"கேட்டியா? என்ன சொன்னாவ?"

"இன்னும் சொல்லல."

"எப்பக் கேட்ட?"

"திங்கக்கெழம."

"இன்னைக்கு வெள்ளி, ஏட்டி! கலெக்டராபீஸ்ல மனு குடுத்தாக்கூட இதவிட வெரசாப் பதிலு வரும்."

சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் இன்னொரு ரெமிஜியஸ் இறங்கினார். கண்டக்டர் படியில் நின்றே குரல் கொடுத்தார்: "இன்னொண்ணு வருது, பாத்துக்கிடுங்க!" வந்தவருக்குக் கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றினால் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு.

"வாங்க, வாங்க," என்றார் டீ மாஸ்டர். "நீங்க எதுகூட?"

"என்னது?"

"இல்ல, நாதஸ்வரத்துகூட ஒருத்தர் இருக்காவ, சிஸ்டர்மாருகூட ஒருத்தர் இருக்காவ. நீங்க எதுகூட?"

"நான் எதுகூடவும் இல்லீங்க. நான்தான் ரெமிஜியஸ்."

டீ மாஸ்டர் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தனியாம். பாவம்."

பாவம் என்கிற சொல் அவருக்கு முன்னால் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டது. ஜெபராணி வீட்டை அவர் அடைவதற்குள் இரண்டு பேர் அவருக்குச் சோறு போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் மதினி போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்காமலே பேசினார், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் சொன்னார்.

"மேடைல என் ஆளுங்க நாலு பேரும் ஒரு ரோட்ல போறாங்க, நான் பக்கத்து ரோட்ல போறேன். கை ஓடுது. தப்பு ஒண்ணுகூட இல்ல. ஆனா கூடப் போக வரல. எங்கம்மா போன்ல பேசி முடிக்கிறதுக்குள்ள நான் பேசிடறேன். எல்லாம் உங்க பென் டிரைவ் டப்பாவுல இருக்கு மேடம். மத்தவங்களோட கூடப் போற என் பங்கு எல்லாம் இங்க வந்து உட்கார்ந்திருக்கு."

"அது எல்லாம் உங்களுக்கு வேணும்னு இப்பதான் தெரியுதாக்கும்?" என்றாள் ஜெபராணி.

"யாரோ கூப்பிட்டாங்க, போனேன், வாசிச்சேன், பிரியாணி சாப்பிட்டு வந்தேன். ஒண்ணைக்கூட நான் வச்சுக்கல."

"நான் வச்சிருந்தேன்," என்றாள் அவள்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. ஆறு ரெமியையும் அவரிடம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. அங்கன்வாடி ஆயா கொடுக்கமாட்டேன் என்றாள். கோயில் தர்மகர்த்தா கொடைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றார். "வந்த ஆளை எப்படிவே திருப்பி அனுப்ப?" என்று பின்வரிசை எழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் மட்டும், "அவரு சாமானை அவருகிட்ட குடுக்கதுதான முறை," என்று தேர்தல் ரெமியைப் பார்க்காமல் சொன்னார்.

"குடுக்க மாட்டோம்!"

"ஆமா!" என்றார் வில்லு ரெமி.

"அவரு பாவம்லா!"

"ஆமா, அப்புறம்?"

அப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாததால் தலைமையாசிரியர் எழுந்தார். "சோதனை ஒன்று செய்து பார்த்தல் நலம். தனி ரெமிஜியஸ் அவர்கள், பாலர் ரெமிஜியஸ் அவர்களோடு ஆட்டுக்குட்டிப் பாட்டை இசைக்கட்டும்."

பாலர் ரெமி கை தட்டிக்கொண்டே பாடினார், அங்கன்வாடிப் பிள்ளைகள் கூடப் பாடினார்கள், தனி ரெமி வாசித்தார். ஒவ்வொரு ஸ்வரமும் தேங்காய் உடைத்தாற்போல் சரியாக விழுந்தது, சரியாக விழ விழப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாட்டை விட்டார்கள், ஒன்று அம்மாவைத் தேடியது, ஒன்று காதைப் பொத்தியது, கடைசியில் பாலர் ரெமியும் பாட்டை நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் தன் பையிலிருந்து பாதி கடித்த சத்துமாவு உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். தனி ரெமி அதைத் தின்றார். மண்டபத்தில் ஒருத்தர் முகத்தையும் ஒருத்தர் பார்க்கவில்லை. கொடுக்கமாட்டேன் என்று அதன்பிறகு யாரும் சொல்லவில்லை.

ஆனால் எப்படிக் கொடுப்பது? விசேஷ வீட்டில் போ என்று யார் வாயால் சொல்வது?

"ஏன் சொல்லணும்?" என்றாள் மதினி. "தாம்பூலப் பையைக் கையில குடுத்தா அவியளே எந்திச்சுப் போயிரப் போறாவ. எந்த ஊரு கல்யாணத்துல பை வாங்குன பெறகு ஆளு உக்காந்திருக்கு? ஆனா கார்டுல கூப்பிடுதவ பேரு யாருதோ அவதான் குடுக்கணும்."

எல்லோரும் ஜெபராணியைப் பார்த்தார்கள். ஜெபராணி தனி ரெமியைப் பார்த்தாள்.

"அஞ்சு பேரு போதாதா சார்?"

"போதும்னு நெனச்சுப் பாத்தேன்," என்றார் அவர். "அஞ்சு பேர் வந்தா வாசிச்சிடலாம். எங்க நிறுத்தணும்னு தெரியாது. அது அந்த உப்பளத்து ஆள்கிட்ட மட்டும்தான் இருக்கு."

அது அவளுக்குத் தெரியாதா? கொடுக்காவிட்டால் பின்சீட்டில் ஒருத்தர் அவளுக்கு உண்டு. எங்கேயோ ஒரு மேடையில் ஒருத்தர், நிறுத்தத் தெரியாமல், அம்மாவின் பேச்சின்மேல் பேசிக்கொண்டு, சாகும்வரை வாசித்துக்கொண்டிருப்பார். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருவரோடும் வாசித்த பாட்டுக்கு ஒவ்வொரு ரெமி வந்தாரென்றால், அவளோடு வாசித்தால்? அந்தப் பாட்டுக்கு ஒரு ரெமி வருவார். அவரை எந்த நாதஸ்வரமும் எந்த உப்பளமும் கேட்க முடியாது.

"ஆறு பையும் தாரேன். ஆனா போறதுக்கு முன்னால எங்கூட ஒரு பாட்டு வாசிக்கணும்."

மண்டபம் மூச்சை இழுத்தது. ஜெபராணி வேதக்கோயிலில் பாட வாயைத் திறந்தால் முன் பெஞ்சு பின்னால் போகும், பின் பெஞ்சு வெளியே போகும்.

"ஆமா," என்றார் வில்லு ரெமி, கொஞ்சம் தயங்கி.

"சரி," என்றார் தனி ரெமி.

மஞ்சள் பை, ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு. நாதஸ்வர ரெமி துண்டை இடுப்பில் கட்டி வாங்கிக்கொண்டார், சிஸ்டர்களின் ரெமி சிலுவை போட்டு வாங்கிக்கொண்டார், தேர்தல் ரெமி இரு கையும் கூப்பியிருந்ததால் பையை அவர் முழங்கையில் மாட்டவேண்டியிருந்தது. மத்தியானப் பஸ்ஸில் வரிசையாக ஏறினார்கள். உப்பு ரெமிதான் பையை வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், கண்டக்டர் இரண்டு விசில் அடித்த பிறகு வாங்கினார். அவள் கேட்ட கேள்வி அவர் முகத்தில் இன்னும் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலோடு நடந்தாள், பிறகு ஓடினாள், பஸ் வளைவில் திரும்பிற்று. பதில் வரவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் கேட்டுப் பின்னால் போனபோது சீட்டுகளில் ஆறு பைகள் மட்டும் இருந்தன. தேங்காய்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்னிக்கு அரைத்ததாக அவரே பிறகு சொன்னார். சட்னி நன்றாக இருந்ததாம்.

ஜெபராணி வளைவிலிருந்து திரும்பி நடந்துவந்தாள். டீக்கடை பெஞ்சில் தனி ரெமி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, டீ மாஸ்டர் தன் மருமகனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுக்கு நடுநடுவே, சரியான இடங்களில், பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் மூச்சு வாங்கினார். அப்போது, ஒருவரும் எதுவும் கேட்காதபோது, ரெமி நிமிர்ந்து,

"இருக்கேன்" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். "எதுக்கு இதச் சொன்னேன்னு தெரியலையே."

ஜெபராணி கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன கேள்விக்கு என்று அவள் சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல மைதானத்துக்கு வந்திருங்க சார்," என்றாள். "பாட்டு இருக்கு."

மைதானத்தில் மதினி ஸ்டியரிங்கில் இருந்தாள். புருஷன் துபாயிலிருந்து வருவதற்குள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஏர்போர்ட்டில் போய் இறங்கி அவன் வாயைப் பிளக்க வைக்கவேண்டுமென்பது அவள் வைராக்கியம். ரெமி பின்சீட்டில், மடியில் கிதார், போன் ரெக்கார்டிங்கில். பாட்டு என்று பார்த்தால் அது பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: "கிளட்ச்ச மெதுவா விடு, மெதுவா, மெதுவான்னா மெதுவா மதினி, அது என்ன மாவாட்டுற கல்லா!" "நீ கத்தாம இருந்தா விடுவேன், ஏட்டி!" ஹாரன், இன்டிகேட்டர் டிக் டிக், ஒரு ஆடு, மறுபடி ஹாரன், இதற்கெல்லாம் அடியில் கிதார், ஹாரனுக்கு வழி விட்டும் ஆட்டைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டும் மதினியோடு திணறிக்கொண்டும் போயிற்று, ரெமி ஒரு இடத்தில் சிரித்தேவிட்டார். பிறகு வண்டி அணைந்தது. கிதாரும் நின்றது. நின்று, அப்படியே இருந்தது. ஜெபராணி திட்ட வாயைத் திறந்தாள், அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடமாக இருந்தது, அதற்குள் கத்த முடியவில்லை. அவள் வாயிலிருந்து மெல்லிசாக ஏதோ வந்தது, வார்த்தை இல்லை, ராகம் என்றும் சொல்ல முடியாது, ஆனால் மதினி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அது முடிந்து, மூச்சு வாங்கி, எல்லோரும் மறந்த பிறகு, டொய்ங்.

அவர் மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டார். ஜெபராணி பாட்டைப் பென் டிரைவில் ஏற்றினாள், சொர்ணலிங்கம் அண்ணாச்சியிடம் ஒரே ஒரு பேர் போட்டு, திரு. ரெமிஜியஸ் (ஜெபராணியோடு), கார்டு அடித்து மஞ்சள் தடவச் சொல்லித் தபாலில் சேர்த்தாள்.

காலைப் பஸ்ஸுக்கு நின்றாள். மத்தியானப் பஸ்ஸுக்கு நின்றாள். கொஞ்ச நாளில் அவளோடு மதினி நின்றாள், டீ மாஸ்டர் நின்றார், கான்வென்டிலிருந்து இரண்டு சிஸ்டர்கள் குடையோடு வந்து நின்றார்கள். "இன்னைக்கும் ஒண்ணும் வரல," என்று கண்டக்டர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுவார். தலைமையாசிரியர், "காலதாமதம் அன்னாரின் இயல்பே," என்றார். பிறகு மெல்ல மெல்ல அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவளும் போனாள், புதிய ஆட்கள் சேர்ந்திருந்தார்கள், வங்கி மேனேஜரம்மாவுக்கு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படி ஏற்றத்தில் நின்றபோதுதான் போன் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே ஜெபராணிக்கு என்னவோபோல் இருந்தது. உப்பளப் பாட்டைப் போட்டால் வெறும் சத்தமாகக் கேட்டது, டொய்ங் எப்போது வந்து போயிற்று என்றே தெரியவில்லை, மேனேஜரம்மாவை மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெபராணி மேடம். நான் ரெமிஜியஸ் பேசறேன்."

"சார்! கார்டு கெடச்சுதா? நான் ஒரு கார்டு போட்டேன்லா!"

"கெடச்சுது. அவரை அனுப்பல. அனுப்ப மனசு வரல. உங்க ஊர் அண்ணாச்சிக்குப் போன் பண்ணி நானும் ஒரு கார்டு அடிக்கச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு சொன்னேன். நான் வாசிச்சதுல நானே எடுத்து வச்சுக்கிட்டது அந்த ஒரு பாட்டுதான். அதுக்கு ஒரு அட்டை வேணும்னு தோணுச்சு."

"கார்டுல யாரு பேரு போட்டிய?"

"செல்வி ஜெபராணி, பிராக்கெட்ல, ரெமிஜியஸோடு. இன்னைக்குக் காலைல பஸ்ல வந்து இறங்கிட்டீங்க."

ஜெபராணி தன் காலைப் பார்த்தாள். அது பிரேக்கில்தான் இருந்தது.

"அங்க என்ன செய்யுதேன்?"

"எங்க டிரம்மரைத் திட்டினீங்க. மெதுவா விடணும்னு சொன்னீங்க, அவன் விட்டான், நல்லாத்தான் இருந்துது. அப்புறம்…"

அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய இடம் ஒன்று அங்கே திறந்தது. ஜெபராணி அதற்குள் போகப் பார்த்தாள், வழி தெரியவில்லை, "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை குறுக்கே கத்தினாள். அந்த இரண்டு ஹலோவுக்கும் அப்பால், தூரத்தில், ஒரு பெண் குரல் எதையோ முனகிக்கொண்டிருந்தது.

"பாடறீங்க," என்றார் ரெமி.

"நல்லாவா?"

"இல்ல." அவர் சிரித்தார். "ஆனா எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தறீங்க."

ஜெபராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அழுத்தினால் கேட்குமா என்ன? மேனேஜரம்மா, "மேடம், வண்டி பின்னால போகுது," என்றாள். ஜெபராணி பிரேக்கை இன்னும் அழுத்தினாள்.

"சார். ஒண்ணே ஒண்ணு. யாரு வந்து கேட்டாலும் அவளைத் திருப்பி அனுப்பிராதீங்க."

"யார் மேடம் வந்து கேக்கப் போறா?"

"நான் வருவேன் சார்," என்றாள் ஜெபராணி. "பஸ் ஏறி வந்து, உங்க வாசல்ல உக்காந்து அழுது கேப்பேன். அப்பவும் குடுத்துராதீங்க."